எதிர்பாராத வரிப்பிடித்தத்தால் சம்பளம் குறையும்போது குடும்பச் செலவைச் சமாளிப்பது எப்படி?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். ஆண்டின் நடுவில் வேலை மாறினேன். நிதியாண்டு முடிய மூன்று மாதங்களே இருக்கும் நிலையில், வரிப்பிடித்தம் திடீரென உயர்ந்து, கைக்கு வரும் சம்பளத்தில் ஏறக்குறைய கால் பங்கு குறைந்துவிட்டது. வாடகை, கடன் தவணை, பிள்ளைகளின் கல்விக் கட்டணம் ஆகியவற்றைக் கொடுத்தபின் மாதக் கடைசிவரை தாக்குப்பிடிக்க முடியவில்லை. பற்றாக்குறைக்குக் கிரெடிட் கார்டைப் பயன்படுத்தலாமா, அல்லது மாதச் சேமிப்பை நிறுத்தலாமா?

மறுமொழி 1:
செலவில் கை வைப்பதற்கு முன், இந்தக் குறைவு தற்காலிகமானதா நிரந்தரமானதா என்பதைச் சம்பளப் பிரிவில் எழுத்து மூலம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பழைய நிறுவனத்தில் பெற்ற வருமானம் புதிய நிறுவனத்துக்குத் தெரியாவிட்டால், இரு இடங்களிலும் வரிவிலக்கு வரம்பைத் தனித்தனியே கழித்துக் குறைவாகப் பிடித்திருப்பார்கள். பின்னர் அந்த வருமானம் கணக்கில் சேரும்போது, விடுபட்ட வரி முழுவதும் எஞ்சிய மாதங்களின் தலையில் விழும். ஆண்டு முழுவதும் மாதம் 1 பங்காகப் போயிருக்க வேண்டிய தொகை, 3 மாதங்களில் வசூலிக்கப்பட்டால் மாதம் 4 பங்காகிறது. வரிக் கழிவுகளுக்கான சான்றுகளைக் கொடுக்காமல் விட்டாலும் இதே நிலைதான். ஆனால் அதைக் காலக்கெடுவுக்குள் சரிசெய்துவிடலாம்.

மறுமொழி 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். குறைவு மூன்று மாதங்களுக்கு மட்டுமே என்றால், வாழ்க்கை முறையை மாற்ற வேண்டியதில்லை. தள்ளிப்போடக் கூடியவற்றைத் தள்ளிப்போட்டால் போதும். மாதச் சேமிப்பை அபராதமின்றி இடைநிறுத்த முடியுமானால் தயங்காமல் நிறுத்துங்கள், ஏனெனில் சேமிப்பில் கிடைக்கும் வட்டியைவிடக் கிரெடிட் கார்டு நிலுவைக்குக் கட்டும் வட்டி பல மடங்கு அதிகம். மாதம் 3 விழுக்காடு என்பது கேட்பதற்குச் சிறிதாகத் தெரியும். கூட்டு வட்டியாக ஆண்டுக்கு 42 விழுக்காட்டைத் தாண்டிவிடும். கல்விக் கட்டணத்தைப் பிரித்துக் கட்ட அனுமதி கேட்பதாக இருந்தால், கெடு நாளுக்கு முன்பே கேளுங்கள். கெடு தவறிய பிறகு கேட்பவருக்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை.

மறுமொழி 3:
ஒரு திருத்தம் மட்டும். சேமிப்பை நிறுத்தலாம், காப்பீட்டுத் தவணையை நிறுத்தாதீர்கள். கெடு கடந்து காலாவதியான காப்பீட்டைப் புதுப்பிக்கும்போது புதிய நிபந்தனைகள் வரக்கூடும். மேலும், கூடுதலாகப் பிடித்த வரி கணக்குத் தாக்கலுக்குப் பின் திரும்பக் கிடைக்கலாம் என்றாலும், அது வங்கிக் கணக்கில் சேரும்வரை அதை நம்பி ஒரு செலவையும் திட்டமிட வேண்டாம். (எங்கள் உறவினர் வட்டத்தில் அந்தப் பணம் வருவதற்குள் இரண்டு முறை செலவாகியிருக்கிறது!)

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. சம்பளப் பிரிவில் விசாரித்ததில், பழைய வருமானத்தைச் சேர்த்ததே காரணம் எனத் தெரிந்தது. குறைவில் பெரும்பகுதி மூன்று மாதங்களில் நீங்கிவிடும். ஆயினும் சம்பள உயர்வுக்கான கூடுதல் வரி தொடர்ந்து பிடிக்கப்படும் என்பதால், மாதச் சேமிப்பை இப்போது நிறுத்திவிட்டு, புதிய நிதியாண்டின் முதல் சம்பளச் சீட்டைப் பார்த்தபின் குறைந்த தொகையில் தொடங்க முடிவு செய்திருக்கிறோம்.