ஆள் இல்லாத தெருவை எதற்கு எடுக்கிறாய்?

குழு: தெற்கு மாசி வீதி வீடு

அனு: பெரியப்பா, ஞாயிற்றுக்கிழமை மதுரையில் இருப்பேன். கேமரா கொண்டு வருகிறேன். வீட்டைச் சுற்றி உள்ள தெருக்களை எல்லாம் எடுக்க ஆசை. ஐந்தரைக்கே கிளம்பினால் கூட்டம் இருக்காது, சரிதானே?

பெரியப்பா: தாராளமாக வாம்மா. ஆனால் ஆள் இல்லாத தெருவை எதற்கு எடுக்கிறாய்?

அனு: கட்டடம் முழுசாகத் தெரியுமே பெரியப்பா. பத்து மணிக்கு மேல் பைக்கும் தள்ளுவண்டியும் எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

பெரியப்பா: 1858-இல் லின்னேயஸ் டிரைப் என்பவர் மதுரையைப் படம் எடுத்தார். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர். மீனாட்சி கோவிலுக்கு எதிரே இருக்கிற புதுமண்டபம், நாயக்கர் மகால், தெப்பக்குளம், நம் விளக்குத்தூண் எல்லாம் அதில் உண்டு. காகித நெகட்டிவ், படம் பதிய நேரம் பிடிக்கும். குறுக்கே நடந்து போனவர்கள் யாரும் பதியவே மாட்டார்கள். அவருக்கு வேறு வழி இல்லை. உன் கேமராவுக்கு அந்தத் தடை கிடையாது. மூட்டை தூக்குகிறவரையும் பூ கட்டுகிறவரையும் விட்டுவிட்டுத் தூணை மட்டும் எடுத்தால் அது எந்த ஊர்த் தூணாகவும் இருக்கலாம்.

கார்த்தி: விளக்குத்தூணை யார் வைத்தது பெரியப்பா? சின்ன வயதிலிருந்து பஸ் ஸ்டாப் பெயராகத்தான் தெரியும்.

பெரியப்பா: கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக வைத்தது. ஊரைச் சுற்றி இருந்த கோட்டையை இடித்து, அகழியைத் தூர்த்து, ஊரை விரித்தவர் அவர். வெளி வீதிகள் அப்படி வந்தவைதான். அந்த வேலையில் இருந்த மாரட், பெருமாள் மேஸ்திரி இரண்டு பேர் பெயரிலும் இன்றைக்கும் தெரு இருக்கிறது. அனு, அந்தத் தெருக்களின் பெயர்ப்பலகையையும் எடு. கோட்டையில் மிச்சமான கொத்தளம் ஒன்று பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் நிற்கிறது. தினமும் ஆயிரக்கணக்கான பேர் பார்க்காமல் தாண்டிப் போகிறார்கள்.

அத்தை: [படம்]
அம்மா புதுமண்டபத்தில் ஜாக்கெட் தைக்கக் கொடுத்தபோது எடுத்தது. பின்னால் பாருங்கள்.

அனு: அத்தை! சிற்பத் தூணில் சாய்த்து வைத்த தையல் மிஷின்!

அத்தை: பாட்டியைத்தான் எடுத்தார்கள், மிஷின் தற்செயலாகப் படத்தில் விழுந்தது. இப்போது கடைகள் எல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. மண்டபம் சுத்தமாக இருக்கிறது, சிற்பங்கள் நன்றாகத் தெரிகின்றன, அது நல்லதுதான். ஆனால் அந்த வரிசை எப்படி இருந்தது என்று பேத்திக்குக் காட்ட என்னிடம் இருப்பது இந்த ஒரு படம்தான்.

பெரியப்பா: இதைத்தான் சொல்ல வந்தேன். கோபுரத்தை ஊரே எடுத்து வைத்திருக்கிறது. கடை போர்டு, திண்ணை, மரக்கதவு, டீக்கடை பாய்லர் இதையெல்லாம் யாரும் எடுப்பதில்லை. முதலில் போவதும் அவைதான்.

அனு: சரி பெரியப்பா. ஒரே முனையில் நின்று ஆறு மணிக்கு ஒன்று, பத்தரைக்கு ஒன்று எடுக்கிறேன். கட்டடமும் தெரியும், தெருவும் தெரியும்.

பெரியப்பா: அருமை. விளக்குத்தூணில் அப்படிச் செய். பத்துத்தூண் சந்துக்கு மட்டும் காலையிலேயே போய்விடு. நாயக்கர் அரண்மனையில் மிஞ்சிய கல்தூண்கள் ஜவுளிக் கடைகளுக்கு நடுவில் நிற்கின்றன. கடை திறந்து துணியைத் தொங்கவிட்டால் அடிப்பாகம் தெரியாது. சந்து குறுகல், வெயில் நேராக விழாது. அந்த மங்கல் வெளிச்சத்தில்தான் கல்லில் உள்ள உளி வேலை நன்றாக வரும்.

கார்த்தி: அக்கா, கோபுரத்தை மட்டும் கிட்டே நின்று அண்ணாந்து எடுக்காதே. பின்பக்கம் சாய்ந்த மாதிரி வரும். தெற்குக் கோபுரம் 170 அடி. தள்ளி வந்து கேமராவை மேலே சாய்க்காமல் நேராகப் பிடித்து ஜூம் செய்தால் நேராக நிற்கும்.

பெரியப்பா: கிழக்குக் கோபுரத்துக்குக் காலை, மேலக் கோபுரத்துக்குச் சாயங்காலம். சித்திரை வீதியில் வண்டி வராது, நிதானமாக எடுக்கலாம். கோவிலுக்குள் போனால் போனை வெளியே கொடுத்துவிட வேண்டும், 2018-இலிருந்து தடை. கேமராவும் உள்ளே கொண்டு போக முடியாது. படம் எடுத்து முடித்து, எல்லாவற்றையும் வீட்டில் வைத்துவிட்டுச் சாமி கும்பிடப் போ.

அத்தை: பூக்காரம்மா, டீ மாஸ்டர் யாரை எடுத்தாலும் கேட்டுவிட்டு எடு அனு. வேண்டாம் என்றால் விட்டுவிடு. படத்தைக் காட்டினால் அவர்களே பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிடுவார்கள்.

அனு: கண்டிப்பாக அத்தை. கேட்டவர்களுக்கு பிரிண்ட் போட்டும் கொடுக்கிறேன்.

கார்த்தி: குழுவில் போடும்போது டாக்குமென்ட்டாகப் போடு. போட்டோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்கிவிடும், எடுத்த தேதி விவரமும் போய்விடும்.

பெரியப்பா: ஃபைல் பெயரிலேயே தெரு, எந்த முனை, எந்தத் திசை பார்த்து, தேதி நான்கையும் எழுதிவிடு. அம்மா படத்தில் வருஷம் எழுதவில்லை, அதனால் மிஷின் யாருடையது என்று விசாரிக்கக்கூட வழியில்லை.

அத்தை: இருங்கள் அண்ணே. அந்தப் பச்சை ஜாக்கெட் என் கல்யாணத்துக்குத் தைத்தது. அப்படியென்றால் 1984.

பெரியப்பா: அட! அனு, முதல் ஃபைலுக்கு இதையே பெயர் வை: புதுமண்டபம், தையல் வரிசை, 1984. அத்தையிடம் ஒரிஜினலை வாங்கி நல்ல ஸ்கேனரில் போட்டு எடு, போனில் எடுத்தால் பளபளப்பு அடிக்கும்.

அனு: சனிக்கிழமை இரவே அத்தை வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன். ஞாயிறு ஆறு மணிக்கு விளக்குத்தூண். பெரியப்பா, நீங்களும் வருகிறீர்கள்.

பெரியப்பா: ஐந்தே முக்காலுக்கு நிற்பேன்.