மூணாவது வீதி மாடித்தோட்டம் குழு: செம்பருத்தியில மொட்டு நிக்கல

சனி, காலை 6:40

சுமதி: (படம்) காலை வணக்கம். ஒத்த அடுக்கு சிவப்புச் செம்பருத்தி. மொட்டு நெறைய வெக்குது, விரியறதுக்கு முந்தின நாள் மஞ்சளாகி காம்போட விழுந்துருது. என்னன்னு பாத்துச் சொல்லுங்க.

சுமதி: (படம்) இது அதே செடியோட நுனி. இலையெல்லாம் சுருண்டு கொத்தா நிக்குது.

ரஃபிக்: டிஏபி உரம் ஒரு ஸ்பூன் போடுங்க்கா, பூ நிக்கும்.

மணி நர்சரி: டிஏபி வேண்டாம் ரஃபிக். ரெண்டு படமும் வேற வேற பிரச்சனை. சுமதிம்மா, மூணு விஷயம் சொல்லுங்க. தொட்டி எத்தனை இஞ்ச்? வெயில் எவ்வளவு நேரம்? ஊத்தறது சிறுவாணியா, போர் தண்ணியா?

சுமதி: 10 இஞ்ச்சுங்ண்ணா. காலைல இருந்து மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும் வெயில். போர் தண்ணிதான்.

மணி நர்சரி: வெயில் போதும், 6 மணி நேரம் இருந்தாலே நல்லாப் பூக்கும். தொட்டிதான் பத்தல. பாலக்காட்டுக் கணவாய்க் காத்து அடிக்கிற இந்த மாசத்துல 10 இஞ்ச் தொட்டி மத்தியானத்துக்குள்ள காஞ்சுரும். சாயங்காலம் நீங்க தண்ணி விட்டதும் இலை நிமிந்துக்கும், அதனால செடி வாடுனதே தெரியாது. ஆனா மொட்டுக்கு அது போதும் விழறதுக்கு.

மணி நர்சரி: தொட்டி மாத்தறதுக்கு முன்னால ஒரு சோதனை பண்ணுங்க. விழுந்த மொட்டு நாலஞ்சு எடுத்து வெள்ளைக் காகிதத்து மேல வெச்சுப் பிரிச்சு உதறுங்க. நூல் நுனி சைசுல பழுப்பாவோ கருப்பாவோ ஏதாவது ஓடுச்சுன்னா இலைப்பேன். ஒண்ணும் இல்லைன்னா தண்ணிக் குறைதான்.

கலா டீச்சர்: மொட்டை மூக்குக் கண்ணாடி போட்டுப் பாருங்க சுமதி. இலைப்பேன் ஒரு மில்லிமீட்டருக்குப் பக்கத்துலதான் இருக்கும். மொட்டுக்குள்ள உக்காந்து சுரண்டி உறிஞ்சும். வெளிய தெளிக்கிற மருந்து உள்ள போகாது. அதனால இலைப்பேன் இருந்தா பாதிச்ச மொட்டை எல்லாம் கிள்ளி, பையில கட்டி வெளிய போட்டுரணும். தொட்டியிலயே விட்டா மண்ணுல கூட்டுப்புழுவாகித் திரும்ப வரும். நீல ஒட்டுப் பொறி ஒண்ணு செடி உயரத்துல கட்டுங்க. மஞ்சள் அட்டை வெள்ளை ஈக்கு, இதுக்கு நீலம்தான் நல்லா ஈர்க்கும்.

காலை 7:25

சுமதி: பிரிச்சுப் பாத்துட்டேன். அஞ்சு மொட்டுலயும் ஒண்ணும் ஓடல.

மணி நர்சரி: அப்பத் தண்ணிதான். 14 இல்ல 15 இஞ்ச் தொட்டிக்கு மாத்துங்க. செம்மண் 2 பங்கு, மட்குன தொழு உரம் இல்ல மண்புழு உரம் 1 பங்கு, கோகோபீட் (தென்னை நார்த் தூள்) 1 பங்கு, வேப்பம் புண்ணாக்கு ரெண்டு கைப்பிடி. கோகோபீட்டை ரெண்டு மூணு தண்ணி மாத்தி அலசிட்டுப் போடுங்க, அதுல உப்பு நிக்கும். வேர்க்கட்டியை உடைக்காதீங்க. சுத்திச் சுத்தி வளந்த வேரை மட்டும் நாலு பக்கமும் கத்தியால லேசாக் கீறி விட்டாப் போதும். விளிம்புல 2 இஞ்ச் காலியா விடுங்க, இல்லைன்னா ஊத்துற தண்ணியெல்லாம் வழிஞ்சு போயிரும்.

மணி நர்சரி: மாத்துன அப்புறம் ஒரு வாரம் நெழல்ல வெக்கோணும். அந்த வாரத்துல இருக்குற மொட்டு எல்லாம் விழத்தான் செய்யும். அதுக்குப் பயந்துட்டு எதையாவது ஊத்தாதீங்க.

பிரியா: தண்ணி தினமும் ரெண்டு வேளை ஊத்தலாமா அண்ணா?

மணி நர்சரி: வேளைக் கணக்கு வெக்காதீங்க. விரலை 2 இஞ்ச் உள்ள விட்டுப் பாருங்க. ஈரம் இருந்தா விட்ருங்க. காஞ்சிருந்தா அடித்துளையில தண்ணி வர்ற வரைக்கும் ஊத்துங்க. தினமும் ஒரு டம்ளர் தெளிக்கிறது மேல்மண்ணை மட்டும் நனைக்கும், அடிவேர் காஞ்சே கெடக்கும். அடியில தட்டு வெச்சுத் தண்ணி தேங்கவும் விடக்கூடாது, வேர் அழுகிரும்.

ரஃபிக்: சரிண்ணா, ஆனா டிஏபி ஏன் வேண்டாம்? கடைல பூக்குற செடிக்கு அதைத்தான் தர்றாங்க.

கலா டீச்சர்: செம்பருத்திக்கு மணிச்சத்து (பாஸ்பரஸ்) கம்மியாத்தான் வேணும். டிஏபியில நூத்துக்கு 18 தழைச்சத்து (நைட்ரஜன்), 46 மணிச்சத்து, சாம்பல் சத்து (பொட்டாஷ்) கிடையவே கிடையாது. மணிச்சத்து மண்ணுல ஏறுனா இரும்பும் துத்தநாகமும் வேருக்குக் கிடைக்காது. எலும்புத் தூளுக்கும் இதே கதைதான். பூவுக்கு வேண்டியது சாம்பல் சத்து. சல்பேட் ஆஃப் பொட்டாஷ் லிட்டருக்கு 2 கிராம் கரைச்சு, ஈரமா இருக்குற மண்ணுல 15 நாளைக்கு ஒருக்கா ஊத்துனாப் போதும். காஞ்ச மண்ணுல உரக் கரைசல் ஊத்துனா வேர் கருகும்.

பிரியா: விறகுச் சாம்பல்ல சாம்பல் சத்து இருக்குமே டீச்சர்?

கலா டீச்சர்: இருக்கு. கூடவே மண்ணைக் காரமாக்கும். நம்ம போர் தண்ணி ஏற்கெனவே காரம். செம்பருத்திக்குக் கார அமில நிலை (pH) 6ல இருந்து 7க்குள்ள இருந்தா நல்லது. சாம்பல் போட்டா அது இன்னும் தள்ளிப் போகும்.

கலா டீச்சர்: சுமதி, முதல் படத்துல புது இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாத் தெரியுது பாருங்க. அது இரும்புக் குறை. கீழ இருக்குற பழைய இலை முழுசா மஞ்சளானா அது வேற, தழைச்சத்துக் குறையோ தண்ணி கூடிப்போனதோ. எந்த இலை மஞ்சளாகுதுன்னு பாக்காம மருந்து வாங்கக் கூடாது.

மணி நர்சரி: அன்னபேதி (இரும்பு சல்பேட்) 3 கிராம், எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) 1 கிராம், தண்ணி 1 லிட்டர். சாயங்காலம் இலை மேல தெளிங்க, 10 நாள் இடைவெளியில மூணு தடவை. செவுத்துலயும் தரையிலயும் பட்டாத் துருக்கறை போகாது, தொட்டியைத் தள்ளி வெச்சுட்டு அடிங்க. மண்ணுல போடறதா இருந்தா இடிடிஎச்ஏ (EDDHA) வகை இரும்பு கேட்டு வாங்குங்க. விலை ஜாஸ்திதான், ஆனா இடிடிஏ (EDTA) வகை நம்ம கார மண்ணுல நிக்காது.

காலை 8:10

பாலாமணி அம்மா: சுருண்ட நுனியப் பத்தி யாருமே சொல்லலியே கண்ணு. எறும்பு ஏறுதா பாரு மொதல்ல.

சுமதி: ஏறுதுங்கம்மா, வரிசையா. நுனியப் பிரிச்சா உள்ள வெள்ளையாப் பஞ்சு மாதிரி.

பாலாமணி அம்மா: மாவுப்பூச்சி. எறும்பை நிறுத்தாம நீ என்ன அடிச்சாலும் வீண்.

மணி நர்சரி: அம்மா சொல்றது சரி. மாவுப்பூச்சி கழிக்கிற தேன் மாதிரித் திரவத்துக்காக எறும்பு காவல் காக்குது. பூச்சியத் திங்க வர்ற பொறிவண்டையும் குளவியையும் விரட்டி விட்ரும். அடித்தண்டுல காகித டேப் சுத்தி, அது மேல வாசலின் தடவுங்க. தண்டு மேல நேரா எதையும் பூசாதீங்க. தொட்டியை செங்கல் மேல வெச்சு, செங்கல் தண்ணித் தட்டுல நின்னா எறும்பு ஏறாது. ஆனா இலையோ கிளையோ செவுத்தைத் தொட்டா அதுவே அதுக்குப் பாலம்.

மணி நர்சரி: சுருண்ட நுனியெல்லாம் 4 இஞ்ச் கீழ வெட்டி, சோப்புத் தண்ணி வாளியில போட்டு முக்குங்க. அந்தச் சுருட்டலுக்குள்ள எந்த மருந்தும் போகாது, திரும்ப நிமிரவும் நிமிராது. மிச்சச் செடியை ஓஸ்ல வேகமாத் தண்ணி பீச்சிக் கழுவுங்க, இலைக்கு அடிப்பக்கம் முக்கியம். அப்புறம்தான் வேப்பெண்ணெய்.

பிரியா: வேப்பெண்ணெய் அளவு?

மணி நர்சரி: லிட்டருக்கு 5 மில்லி எண்ணெய், 2 மில்லி சோப்புக் கரைசல். மொதல்ல எண்ணெயும் சோப்பும் கலக்குங்க, பால் மாதிரி ஆனதும் தண்ணி சேருங்க. நேரா தண்ணியில ஊத்துனா எண்ணெய் மேல மிதக்கும். கடைசியா அடிக்கிற இலைக்கு வெறும் எண்ணெய்தான் போகும், கருகிரும். அஞ்சு மணிக்கு மேல அடிங்க. 6 நாள் விட்டு மறுபடி, மொத்தம் மூணு தடவை. முட்டைப் பைக்குள்ள இருக்குறது ஒரே தடவையில சாகாது, அது பொரிச்சு வர்றப்ப அடுத்த தெளிப்பு விழணும்.

கலா டீச்சர்: தெளிக்கறதுக்கு முன்னால ஒண்ணு பாருங்க. வெள்ளையா மெழுகு முடியோட இருக்குறதெல்லாம் மாவுப்பூச்சி இல்ல. 3 மில்லிமீட்டருக்கு மேல பெருசா, முடி நீளமா, தொட்டா வேகமா நகர்ந்தா அது கிரிப்டோலேமஸ் பொறிவண்டோட புழு. மாவுப்பூச்சியத்தான் அது திங்குது. அதைக் கண்டா அந்தக் கிளையை விட்ருங்க, அடிக்காதீங்க.

கலா டீச்சர்: அதே மாதிரி பழுப்பா உப்பி, முதுகுல வட்டமா ஓட்டை இருக்குற மாவுப்பூச்சி. உள்ள குளவி வளந்து வெளிய போயிருக்குன்னு அர்த்தம். 2008ல நம்ம கோயமுத்தூர்லதான் பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவுல முதல்ல தென்பட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாம் போச்சு, செம்பருத்தியும் அதுக்கு இஷ்டம். 2010ல போர்ட்டோ ரிக்கோவுல இருந்து வரவழைச்ச ஒட்டுண்ணிக் குளவிகள்தான் அடக்குச்சு, மருந்து இல்ல.

ரஃபிக்: இவ்வளவு வேலைக்கு இமிடாகுளோபிரிட் பூச்சி மருந்து ஒரு தடவை அடிச்சா முடிஞ்சுது.

மணி நர்சரி: பூவைப் பறிச்சு என்ன பண்றாங்கன்னு சுமதிம்மா சொல்லட்டும்.

சுமதி: டீ போடுவோம். பாப்பா தலைக்கு இலை அரைப்போம்.

மணி நர்சரி: அப்ப அது கூடவே கூடாது. அது செடிக்குள்ள ஊடுருவி இலை, பூ, மகரந்தம் எல்லாத்துக்கும் போற மருந்து. கழுவுனாப் போகாது. நர்சரியில வாங்குன புதுச் செடியிலயும் என்ன அடிச்சிருக்குன்னு நமக்குத் தெரியாது. என் கடைச் செடியா இருந்தாலும் சரி, வாங்கி மூணு மாசம் பூவை வாயில போடாதீங்க. பழைய இலை, பூ போய் புதுசு வரட்டும்.

பிரியா: டீக்குப் பூவை எப்ப பறிக்கிறது? கடைல காஞ்ச செம்பருத்தின்னு சிவப்பாக் கட்டியா ஒண்ணு வருதே, அது இதுதானா?

கலா டீச்சர்: அது வேற செடி. ரோசெல்னு சொல்ற புளிச்சைக் கீரை வகை, பூ இல்ல, பூவுக்கு அடியில சதைப்பிடிப்பா இருக்குற புல்லி வட்டம். அதனாலதான் அவ்வளவு புளிப்பு. நம்ம செம்பருத்தி இதழ்ல புளிப்பே இருக்காது, வழவழன்னு இருக்கும். கொதிச்ச தண்ணியில இதழ் போட்டா ஊதாவா நிக்கும், எலுமிச்சை ரெண்டு சொட்டு விட்டாச் சிவப்பாயிரும்.

பாலாமணி அம்மா: விடிஞ்சு பூ விரிஞ்சதும் பறி. சாயங்காலம் சுருங்கிரும். அஞ்சு இதழ் ஒத்தைச் சிவப்புதான் மருந்துக்கு. அடுக்குப் பூவும் மஞ்சளும் பாக்கத்தான். காம்பும், பச்சைப் புல்லியும், நடுவுல நீட்டிட்டு இருக்குற மகரந்தத் தண்டும் எடுத்துரு. ஒரு டம்ளருக்கு ரெண்டு பூ போதும்.

கலா டீச்சர்: கர்ப்பமா இருக்கறவங்களும் குழந்தைக்குக் காத்திருக்கறவங்களும் குடிக்கவே வேண்டாம். பிரஷர், சர்க்கரைக்கு மாத்திரை போடறவங்க டாக்டரைக் கேட்டுட்டுக் குடிங்க.

பாலாமணி அம்மா: தலைக்கு நடுப்பகுதி இலையா எடு கண்ணு. முத்துன இலை நார் நாரா முடியில ஒட்டிக்கும். ஒரு கைப்பிடி, கொஞ்சம் தண்ணி, கையாலயே பிசைஞ்சு வடிகட்டு. அன்னன்னிக்குத் தேச்சுரணும், மறுநாளைக்கு வெச்சா நாறும். எண்ணெய் காய்ச்சறதா இருந்தா பூவை நெழல்ல நல்லாக் காய வெச்சு, கால் லிட்டர் தேங்காண்ணெய்க்குப் பத்துப் பூ. ஈரப் பூவைப் போட்டா எண்ணெய் சிக்கடிச்சுரும்.

பகல் 12:05

ரஃபிக்: மணிண்ணா, கவாத்து (கிளை வெட்டறது) எப்ப பண்றது? எங்க மாடிச் செடி ஆளுயரம் ஆயிருச்சு, நுனியில மட்டும் ரெண்டு பூ.

மணி நர்சரி: இதைக் கேட்டதுக்கு நன்றி. பூ புதுத் தளிர்லதான் வரும், பழைய குச்சியில வராது. வெட்டாத செடி மேல மேல போயிட்டே இருக்கும். மூணுல ஒரு பங்கு உயரம் குறைங்க. வெளிப்பக்கம் பாக்குற கணுவுக்கு மேல கால் இஞ்ச் விட்டுச் சாய்வா வெட்டணும். ஆனா எல்லாக் கிளையும் ஒரே நாள்ல வெட்டாதீங்க, ரெண்டு மாசத்துக்கு மேல பூவே இருக்காது. இன்னிக்குப் பாதி, மூணு வாரம் கழிச்சு மீதி.

மணி நர்சரி: ஆடி, ஆவணி நல்ல காலம். இல்லைன்னா தை. பங்குனி, சித்திரையில கை வெக்காதீங்க. இலை போன தண்டுல நேரா வெயில் பட்டு பட்டை வெடிக்கும்.

ரஃபிக்: வெட்டுன குச்சியை வெக்கலாமா?

மணி நர்சரி: தாராளமா. பென்சில் தடிமன், 6 இஞ்ச் நீளம், மூணு நாலு கணு. கீழ் வெட்டு கணுவுக்கு ஒட்டி அடியில. மொட்டு, இலை எல்லாம் கிள்ளிட்டு மேல ரெண்டு இலை மட்டும், அதுவும் பாதியா வெட்டி விடுங்க. கற்றாழைச் சோறுல முக்கி, பாதி மணல் பாதி கோகோபீட்ல ரெண்டு கணு உள்ள போற மாதிரி ஊனுங்க. எரு போடாதீங்க, அழுகிரும். நாலுல இருந்து ஆறு வாரத்துல வேர் பிடிக்கும். அதுக்கு முன்னால தளிர் வந்துருச்சுன்னு இழுத்துப் பாக்காதீங்க, குச்சியில இருக்குற சத்துலயே தளிர் வரும், வேர் இருக்காது. இது நாட்டு வகைக்கு. கலர் கலரா வர்ற ஒட்டு ரகத்துல பத்துக்கு ஒண்ணு ரெண்டுதான் தேறும், அதுக்குப் பதியம்தான் (கிளை செடியில இருக்குறப்பவே வேர் விட வெக்கறது) சரி.

பிரியா: ரஃபிக் அண்ணா, வெட்டுறப்ப எனக்கு அஞ்சு குச்சி.

ரஃபிக்: நாளைக்குக் காலைல வெட்டறேன். ஈரத்துணியில சுத்தி வெக்கறேன், மத்தியானத்துக்குள்ள வந்து எடுத்துக்கோங்க.

சுமதி: எனக்கு வேண்டாம், என் செடியில மாவுப்பூச்சி போகட்டும் மொதல்ல. மணிண்ணா, 15 இஞ்ச் தொட்டி இருக்குங்ளா?

மணி நர்சரி: சிமெண்ட் தொட்டி இருக்கு, பிளாஸ்டிக் 14 இஞ்ச் இருக்கு. மாடிக்கு பிளாஸ்டிக்கே எடுத்துக்கோங்க, வெள்ளைக் கலர். கருப்புன்னா வெயில்ல வேர் வெந்துரும்.