பழைய ஹைலக்ஸ் 3எல்: காலையில ஸ்ராட் வர இழுக்குது, பம்ப் கழற்றத்தான் வேணுமா?

வயல்வெளி:

அண்ணைமாருக்கு வணக்கம். ரொயோட்டா ஹைலக்ஸ் எல்.என்.107 டபுள் கேப், 3எல் என்ஜின், 2779 சீ.சீ., ரேர்போ இல்லை. இரவு முழுக்க நிண்டால் காலையில கனநேரம் சுத்தித்தான் ஸ்ராட் வருது. வந்த பிறகும் ஒரு நிமிசம் நடுங்கி வெள்ளைப் புகை தள்ளும், பிறகு சரி. பகல்ல எத்தினை தரம் நிப்பாட்டி எடுத்தாலும் பிரச்சினை இல்லை. முன்பக்கம் பள்ளத்தைப் பாத்தபடி நிப்பாட்டினால் அடுத்த நாள் கெதியா ஸ்ராட் வருது. கராஜில டீசல் பம்பை (இன்ஜெக்சன் பம்ப்) கழற்றி ஓவர்ஹோல் செய்ய வேணும் எண்டு சொல்லீனம். அதோட பிரேக் பெடல் கொஞ்சம் இறுக்கம், இடப்பக்கப் பின்சில்லுக்குள்ள ஒயில் கசிவு, ரைமிங் பெல்ற் எப்ப மாத்தினது எண்டும் தெரியாது. லைசன்ஸ் புதுப்பிக்க புகைச் சோதனையும் வருது. எதில தொடங்கிறது?

கொடிகாமம் டீசல்:

தம்பி, பள்ளத்தில நிப்பாட்டினால் நல்லா ஸ்ராட் வருது எண்டதிலயே பாதி விடை இருக்கு. முன்பக்கம் பதிஞ்சு நிக்கேக்க டீசல் தாங்கி பம்பை விட உயர வருது, டீசல் பின்னுக்கு வழியிறதில்லை. மட்டமா நிண்டால் எங்கயோ காத்து புகுந்து, லைனில இருக்கிற டீசல் இரவோட தாங்கிக்குத் திரும்பிப் போகுது. பம்பில இப்ப கை வைக்க வேண்டாம்.

நாளைக்குக் காலமை சாவி போட முன்னம், டீசல் பில்ரருக்கு மேல இருக்கிற கைப்பம்பை அமத்திப் பாருங்கோ. முதல் அமத்திலயே கல்லு மாதிரி நிக்க வேணும். தொளதொளவெண்டு பதினைஞ்சு இருபது தரம் அமத்தின பிறகுதான் இறுகுதெண்டால் லைன் வெறுமை. இறுகின பிறகு சாவி திருப்ப உடன ஸ்ராட் வந்தால் காத்துத்தான்.

எங்கயால எண்டு பிடிக்க, பில்ரருக்கும் பம்புக்கும் இடையில ஒரு அடி தெளிவான பிளாஸ்ரிக் ஹோஸ் போட்டு ஓடவிடுங்கோ. குமிழ் ஓடினால் குற்றம் பில்ரரிலயோ, பில்ரருக்கும் தாங்கிக்கும் இடையிலயோ. இந்த ஹோஸ் சோதனைக்கு மட்டும். சூட்டில இறுகி வெடிக்கும், அப்பிடியே விடக்கூடாது.

அடுத்தது கான் சோதனை. 5 லீற்றர் கானில நல்ல டீசல் விட்டு பம்பை விட உயரத்தில கட்டி, பம்ப் இன்லெற்றை அதில குடுங்கோ. மிச்ச டீசல் தாங்கிக்குத் திரும்பிற லைனையும் அதே கானுக்குள்ள விடுங்கோ, இல்லாட்டி கான் கெதியில காலி. இரவு விட்டுப்போட்டுக் காலமை எடுங்கோ. ஒரே சுத்தில ஸ்ராட் வந்தால் பம்ப் நல்லம். கான் போட்ட நேரம் ரைமிங் கவருக்குக் கீழ டீசல் சொட்டினால் பம்ப் சாப்ற் சீல் பழுது. அப்ப மட்டும் கழற்றுங்கோ.

வழமையா பழுதாகிறது கைப்பம்புக்குள்ள இருக்கிற றப்பர் டயப்ரம், பில்ரர் ஓ-றிங், அடியில தண்ணி திறக்கிற பிளக்கின்ர ஓ-றிங், கிளிப்புக்குக் கீழ வெடிச்ச ஹோஸ் நுனி. தாங்கிக்குள்ள இறங்கிற இரும்புக் குழாயும் கறள் பிடிச்சு ஊசித்துவாரம் விழும். வெளியில ஒரு சொட்டும் தெரியாது, ஏனெண்டால் பம்ப் இழுக்கிற பக்கம் அது. ஓடேக்க டீசல் வெளிய வராது, காத்துத்தான் உள்ள போகும். அதாலதான் கன கராஜில இதைத் தவறவிட்டுட்டு பம்பில காசைக் கொட்டுவிக்கினம்.

சாவி 12:

மேல சொன்னது சரி. ஆனா ஒரு நிமிச நடுக்கமும் வெள்ளைப் புகையும் குளோ பிளக்கையும் (குளிர் என்ஜினைச் ஸ்ராட் பண்ண உள்ள சூடாக்கிற பிளக்) காட்டுது. நாலையும் இணைக்கிற தகட்டைக் கழற்றிப்போட்டு ஒவ்வொண்டையும் மல்ரி மீற்றரால தனித்தனியப் பாருங்கோ. நல்ல பிளக் ஓம் கணக்கில கிட்டத்தட்டச் சுழியம் காட்டும். இணைப்பே இல்லையெண்டு காட்டினால் செத்தது. வாங்கேக்க மரை பொருந்துதெண்டு மட்டும் பாத்து வாங்க வேண்டாம், உடம்பில அடிச்சிருக்கிற வோல்ற்றைப் பாருங்கோ. 6 வோல்ற் பிளக்குக்கு நேர 12 வோல்ற் போனால் நுனி வீங்கிப்போகும். பிறகு கழற்றேக்க நுனி முறிஞ்சு அறைக்குள்ள விழும், ஹெட் கழற்ற வேண்டி வரும்.

ஈதர் ஸ்பிறே தயவுசெய்து அடிக்க வேண்டாம். சூடான குளோ பிளக்கில பட்டு நேரத்துக்கு முன்னமே வெடிச்சு பிஸ்ரன் றிங் பகுதி உடையும்.

பிளக் கழற்றின கையோட அந்தத் துவாரத்தால கொம்பிறசன் (சிலிண்டருக்குள்ள காத்து அமுங்கிற அளவு) பாருங்கோ. நல்ல என்ஜினில 32 கி.கி./ச.செ.மீ. அளவு வரும், 20க்குக் கீழ போகக்கூடாது, சிலிண்டருக்குச் சிலிண்டர் 5க்கு மேல வித்தியாசம் இருக்கக்கூடாது. குறைஞ்சால் உடன றிங் எண்டு முடிவெடுக்காதேங்கோ, முதல் வால்வு இடைவெளி. என்ஜின் குளிரா இருக்கேக்க இன்லெற் 0.20–0.30 மி.மீ., எக்சோஸ்ற் 0.40–0.50. ஓட ஓட வால்வு சீற்றுக்குள்ள பதிஞ்சு இடைவெளி குறையும், கடைசியில முழுக்க மூடாது. இடைவெளியைச் சரிபண்ணிற தகடு (சிம்) மாத்தினால் தீரும்.

மணல்வீதி:

எனக்கு இதில பயமான சாமான் ரைமிங் பெல்ற்தான். 100,000 கி.மீ.க்கு ஒருக்கா மாத்திற பெல்ற் அது. அறுந்தால் வால்வு பிஸ்ரனில அடிக்கும். டாஷில இருக்கிற எச்சரிக்கை லைற் கி.மீ. மீற்றரை வைச்சுத்தான் எரியும், மீற்றர் மாறியிருந்தால் அதுக்கு ஒரு பெறுமதியும் இல்லை. மாத்தின கணக்கு இல்லையெண்டால் தூர ஓட்டம் வேண்டாம். பெல்ற்றோட ரென்சனர் பெயாரிங், கிராங் சீல், காம் சீல் எல்லாம் போடுங்கோ. ஒயிலோ டீசலோ பட்ட பெல்ற் நிண்டுபிடிக்காது. பூட்டின பிறகு கையால கிராங்கை ரெண்டு முழுச் சுத்துச் சுத்தி அடையாளங்கள் திரும்ப நேருக்கு வருதோ பாத்திட்டுத்தான் சாவி.

பிரேக் பெடல்: பெடலை இலேசாக்கிற வாக்குவம் (வெற்றிட இழுவை) டீசலில தானா வராது, இந்த என்ஜினில ஓல்ற்றனேற்றருக்குப் பின்னால இருக்கிற சின்னப் பம்ப்தான் அதைக் குடுக்கிறது. என்ஜின் நிக்கேக்க அஞ்சாறு தரம் மிதிச்சு, காலை எடுக்காமல் ஸ்ராட் பண்ணுங்கோ. பெடல் கொஞ்சம் கீழ இறங்க வேணும். இறங்காட்டி முதல் வீ பெல்ற் இறுக்கம், பிறகு வாக்குவம் ஹோஸ். அந்தப் பம்புக்கு ஒயில் போற ஹோஸையும் தடவிப் பாருங்கோ, அது வெடிச்சால் என்ஜின் ஒயில் முழுக்க வெளிய.

பின்சில்லு ஒயிலை மணந்து பாருங்கோ. கியர் ஒயில் மணமெண்டால் அக்சில் சீல். சீல் மாத்த முன்னம் அக்சிலுக்கு மேல இருக்கிற மூச்சுக் குழாயைக் கழற்றித் துப்பரவாக்குங்கோ. அது சேத்தில அடைபட்டால் சூட்டுக்கு உள்ள அமுக்கம் ஏறி புதுச் சீலையும் தள்ளிப்போடும். ஒயில் ஊறின பிரேக் சூவை மண்ணெண்ணெயில கழுவிப் போடக்கூடாது, ரெண்டு பக்கமும் புதுசு.

வயல்வெளி:

நன்றி அண்ணைமார். கைப்பம்ப் பதினெட்டாம் அமத்தில இறுகிச்சுது, உடன ஸ்ராட் வந்தது. டயப்ரம் மட்டும் மாத்தலாமோ?

கொடிகாமம் டீசல்:

கைப்பம்போட சேந்த பில்ரர் தலையை முழுசா மாத்துங்கோ தம்பி, பழைய அலுமினியத்தில மரை தேஞ்சிருந்தால் புது றப்பரும் பிடிக்காது. புது பில்ரரை நல்ல டீசலால நிரப்பி, ஓ-றிங்கில டீசல் பூசி, கையால மட்டும் இறுக்குங்கோ. கைப்பம்ப் இறுகிறவரை அமத்திப்போட்டு, ரெண்டு இன்ஜெக்ரருக்கு டீசல் போற குழாய் நட்டை அரைச் சுத்து இளக்கி ஸ்ராட்டரால சுத்தவிடுங்கோ. டீசல் குமிழ் இல்லாமல் வந்தோடன இறுக்குங்கோ. ஸ்ராட்டரை ஒரு தரத்தில 15 செக்கனுக்கு மேல பிடிக்க வேண்டாம். மழைக் காலத்தில கிழமைக்கு ஒருக்கா பில்ரரின்ர அடிப் பிளக்கைத் திறந்து தண்ணியை வெளிய விடுங்கோ.