புதுப்பிப்பு: மோனோ காய்ச்சலில் மகனுக்கு இடது தோள் வலி

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஆறு வாரத்துக்கு முன் கேட்டிருந்தேன்: 17 வயது மகனுக்கு மோனோ, அதாவது எப்ஸ்டீன்-பார் வைரஸ் காய்ச்சல், 12ஆம் நாள், இடது விலாவுக்குக் கீழே வலி, இடது தோளிலும் வலி, படுத்தால் அதிகமாகிறது, என்ன செய்யலாம் என்று.

தைலம் தேய்க்கச் சொன்னவர்கள்தான் அதிகம். "தோளில் அடிபடவில்லை என்றால் அது மண்ணீரல் வலியாக இருக்கலாம், இப்போதே கிளம்புங்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அவர் சொன்னதுதான் சரி. மண்ணீரலில் ரத்தம் கசிந்தால் உதரவிதானம் (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள தசை) உறுத்தும். அந்த வலி தோளில் தெரியுமாம்.

சி.டி. ஸ்கேனில் மண்ணீரல் 16 செ.மீ.க்கு வீங்கி, அதன் உறைக்குள் ரத்தம் கட்டியிருந்தது. அடியே படாமலும் இப்படி நடக்குமாம், பெரும்பாலும் முதல் மூன்று, நான்கு வாரத்துக்குள். ரத்த அழுத்தம் இறங்காததால் அறுவை சிகிச்சை வேண்டாம் என்றார்கள். ஐந்து நாள் படுக்கை. முதல் இரண்டு நாளும் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஹீமோகுளோபின் பார்த்தார்கள். பையன் ஊசிக் குத்தை எண்ணிக்கொண்டே கிடந்தான்.

எதிர்பாராதது ஒன்று: முதலில் தொண்டைக்கு வாங்கிப் போட்ட அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக்கால் உடம்பெல்லாம் சிவப்புத் தடிப்பு. மோனோவில் இது சகஜமாம். அப்புறம், மலச்சிக்கல் வந்து முக்கினால் மண்ணீரலுக்கு அழுத்தம் என்று அதற்கும் மருந்து கொடுத்தார்கள்.

போன வார ஸ்கேனில் மண்ணீரல் 12 செ.மீ.க்குச் சுருங்கியிருந்தது. பள்ளிக்குப் போகிறான். ரத்தம் கசிந்ததால் கபடி மட்டும் மூன்று மாதத்துக்குக் கிடையாது. முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறான்.