கிளாக்கை மாத்தணுமா, ஃபில்டர் போடணுமா?

அலைக்கம்பி: எல்டிசி2208 ஏடிசி (அலையை எண்ணாக்குற சிப்) வெச்ச நேரடி சாம்ப்ளிங் எஸ்டிஆர் (மென்பொருள் ரேடியோ) போர்டு. கிளாக் (ஏடிசி எப்போ அளக்கணும்னு தாளம் போடுற துடிப்பு), பிஎல்எல் (ஒரு அதிர்வெண்ணோட பூட்டி இன்னொண்ணை உண்டாக்குற சுற்று) வெச்ச எஸ்ஐ5351 சிப்ல இருந்து 122.88 மெகாஹெர்ட்ஸ். ஒரே மைதானத்துல ரெண்டு மூணு ஹாம் (அமெச்சூர் ரேடியோ) டிரான்ஸ்மிட்டர் ஓடுற இடத்துல வைக்கணும். தனி ஆஸிலேட்டருக்குச் செலவு பண்ணலாமா, முன்னாடி பேண்ட்பாஸ் ஃபில்டர் (ஒரு பேண்டை மட்டும் உள்ளே விடுறது) போதுமா?

ஃபில்டர்மணி: ஃபில்டர்தான். ஜிட்டர் (கிளாக் துடிப்போட நேரத் தடுமாற்றம்) எவ்வளவு கெடுக்கும்னு தீர்மானிக்கிறது உள்ளே வர்ற சிக்னலோட அதிர்வெண், சாம்ப்ளிங் வேகம் இல்லை. 2π, அதிர்வெண், ஜிட்டர் மூணையும் பெருக்கி லாக் எடுங்க, −20-ஆல் பெருக்குங்க. 7 மெகாஹெர்ட்ஸ், 1 பைக்கோ செகண்ட்னா எஸ்என்ஆர் (சிக்னல்-இரைச்சல் விகிதம்) எல்லை 87 டிபி. இந்த ஏடிசியோட சொந்த எஸ்என்ஆரே 77.7 தான். அதுக்கு 9 டிபி கீழே கிடக்கிற சத்தத்தைத் துரத்தி என்ன பிரயோஜனம்?

குவார்ட்ஸ்: மணி சார், கணக்கு சரி, கேள்விதான் வேற. உங்க 87, சத்தம் 61.44 மெகாஹெர்ட்ஸ் முழுக்கச் சமமாப் பரவினா எங்கேயுமே உறுத்தாதுன்னு சொல்ற எண். பிஎல்எல் சத்தம் அப்படிப் பரவாது. பலமான சிக்னல் எங்கே நிக்குதோ அதோட காலடியிலதான் குவியும். நாம கேட்க நினைக்கிற பலவீனமான ஸ்டேஷனும் அங்கேதான் இருக்கும். ஒற்றை ஜிட்டர் எண்ணை விட்டுட்டு ஃபேஸ் நாய்ஸ் (சிக்னலை விட்டு எவ்வளவு தள்ளி எவ்வளவு சத்தம்) வரைபடத்தைப் பாருங்க.

10 கிலோஹெர்ட்ஸ் தள்ளி கிளாக் சத்தம் −115 டிபிசி/ஹெர்ட்ஸ்னு (டிபிசி: அந்த சிக்னலோட ஒப்பிட்ட டிபி) வெச்சுக்குவோம். 28 மெகாஹெர்ட்ஸ் சிக்னல் மேல அது 28/122.88 விகிதத்துல குறையும், அதாவது 13 டிபி. ஆக −128. 500 ஹெர்ட்ஸ் பேண்ட்விட்த்துக்கு 27 கூட்டுங்க: −101 டிபிசி. பக்கத்து டிரான்ஸ்மிட்டர் −10 டிபிஎம் (1 மில்லிவாட்டோட ஒப்பிட்ட டிபி) அளவுல வந்தா, நம்ம ரிசீவர்ல −111 டிபிஎம் சத்தம். ஐடியு (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) பரிந்துரை பி.372 சொல்ற கிராமப்புற இரைச்சல் அந்த பேண்ட்ல சுமார் −120. 9 டிபி காது போச்சு. எதிரி பேண்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கான், பேண்ட்பாஸ் ஃபில்டர் அவனை என்ன செய்யும்?

ஃபில்டர்மணி: அதே கணக்கை 7 மெகாஹெர்ட்ஸ்ல போடுங்க தம்பி. விகிதத்தால 25 டிபி குறையுது, கடைசியில −123 டிபிஎம். அதே பி.372-படி அங்கே ஆன்டெனா இரைச்சல் −103. 20 டிபி மிச்சம். 40 மீட்டர்ல (7 மெகாஹெர்ட்ஸ் பேண்ட்) கிளாக்கை மாத்தினா காதுக்கு ஒண்ணும் தெரியாது.

இன்னொண்ணு, அந்த டிரான்ஸ்மிட்டரோட சொந்த ஃபேஸ் நாய்ஸ்? அவன் 10 கிலோஹெர்ட்ஸ் தள்ளி −120-ல கக்கிட்டிருந்தா, நீங்க தங்கத்துல ஆஸிலேட்டர் செஞ்சாலும் அந்தச் சத்தம் ஆன்டெனா வழியாவே வரும்.

குவார்ட்ஸ்: ரெண்டாவது பாயிண்ட்டை ஒத்துக்கறேன். முதலாவது 40 மீட்டருக்கு மட்டும். போர்டு 6 மீட்டர் (50 மெகாஹெர்ட்ஸ் பேண்ட்) வரைக்கும் போகும். அங்கே விகிதம் −8 டிபிதான். 144 மெகாஹெர்ட்ஸை அண்டர்சாம்ப்ளிங்ல (கிளாக்கோட பாதியைத் தாண்டின அதிர்வெண்ணை அளக்கிற முறை) எடுத்தா கழித்தலே கிடையாது, 1.4 டிபி கூட்டல்.

சாலிடர்புகை: மாத்துறதுன்னு முடிவானா, கெடுறது எல்லாம் வயரிங்லதான். ஆஸிலேட்டர்ல இருந்து நேரா ஏடிசிக்குப் போங்க. எஃப்பிஜிஏ (ஏடிசியோட எண்களை வாங்கிக் கணக்குப் போடுற சிப்) வழியா விட்டு எடுத்தா அதோட உள் சத்தம் முழுக்க ஏறும். எஃப்பிஜிஏவுக்கு ஏடிசியோட கிளாக்அவுட் பின்னே போதும்.

விளிம்பு செங்குத்தா இருக்கணும். 122.88 மெகாஹெர்ட்ஸ் சைன் அலை, 50 ஓம்ல 0 டிபிஎம்னா பூஜ்யத்தைக் கடக்கும் வேகம் நானோ செகண்டுக்கு 0.24 வோல்ட். கிளாக் உள்ளீட்டுல 100 மைக்ரோவோல்ட் இரைச்சல் இருந்தாலே 0.4 பைக்கோ செகண்ட் ஜிட்டர். +10 டிபிஎம் கொடுத்தா அது 0.13. 1:1 ட்ரான்ஸ்ஃபார்மர் வெச்சு டிஃபரன்ஷியலாக்குங்க, செகண்டரி குறுக்கே எதிரெதிரா ரெண்டு ஷாட்கி டையோடு போட்டா உள்ளீடு அடிபடாது.

சப்ளை தனி எல்டிஓ (வோல்ட்டேஜ் ரெகுலேட்டர்). எல்டி3042-ஓட இரைச்சல் 0.8 மைக்ரோவோல்ட், எல்எம்317-ல 3.3 வோல்ட்டுக்கு 100 மைக்ரோவோல்ட் கிட்ட. அந்த இரைச்சல் ஆஸிலேட்டரை அப்படியே எஃப்எம் பண்ணும், அதாவது அதிர்வெண்ணை ஆட்டும். ஸ்விட்சிங் சப்ளை 150 கிலோஹெர்ட்ஸ்ல ஓடினா, ஒவ்வொரு பலமான சிக்னலுக்கும் ரெண்டு பக்கமும் 150 கிலோஹெர்ட்ஸ் தள்ளி ஒரு குட்டிப் பிசாசு நிக்கும்.

அலைக்கம்பி: 10 மெகாஹெர்ட்ஸ் ஜிபிஎஸ்டிஓ (ஜிபிஎஸ் சிக்னலால திருத்தப்படுற ஆஸிலேட்டர்) கையில இருக்கு. அதுல பூட்டிட்டா தீர்ந்துடாதா?

குவார்ட்ஸ்: துல்லியம் வேற, சுத்தம் வேற. 10-ஐ 122.88 ஆக்கும்போது சத்தம் 21.8 டிபி ஏறும். தரை −150-ல இருக்கிற ஜிபிஎஸ்டிஓ, பூட்டுற பிஎல்எல்லோட லூப் பேண்ட்விட்த்துக்குள்ள −128 ஆயிடும். நல்ல விசிஎக்ஸ்ஓ (வோல்ட்டேஜால நகர்த்துற கிரிஸ்டல் ஆஸிலேட்டர்) வெச்சு லூப்பைச் சில பத்து ஹெர்ட்ஸுக்குள்ள சுருக்குங்க. அதுக்கு வெளியே கிரிஸ்டலோட சுத்தம்தான் பேசும். லூப் ஃபில்டர்ல எக்ஸ்7ஆர் செராமிக் கபாசிட்டர் வேண்டாம், ஃபேன் அதிர்வை வோல்ட்டேஜாக்கிடும். சி0ஜி அல்லது ஃபிலிம்.

ஃபில்டர்மணி: காசு செலவழிக்கும் முன்னே குற்றவாளி கிளாக்தானான்னு பாருங்கப்பா. ரெண்டு கிரிஸ்டல் ஆஸிலேட்டர், ஒரே அளவு, முழு அளவுக்கு 3 டிபி கீழே. 3.5-ல ஒண்ணு, 28-ல ஒண்ணு. 10 கிலோஹெர்ட்ஸ் தள்ளி சரிவோட உயரத்தை ஒப்பிடுங்க. 28-ல 18 டிபி ஏறினா கிளாக். ஏறவே இல்லைன்னா தெரியறது ஏடிசியோட தரை. சிக்னல் ஜெனரேட்டர் வேண்டாம், அதோட சொந்தச் சத்தத்தைத்தான் அளப்பீங்க.

அலைக்கம்பி: கலர் டிவி கிரிஸ்டல் 3.579545 இருக்கு. 28.636-ம் கடையில கிடைக்குது. சரியா 8 மடங்கு!

சாலிடர்புகை: பொருத்தம்தான். ஆனா 28.636 வாங்கும்போது ஃபண்டமென்டலான்னு (அடிப்படை அதிர்வெண்ணிலேயே ஆடுறதான்னு) கேளுங்க. மூணாவது ஓவர்டோன் வகையைச் சாதாரண கோல்பிட்ஸ் ஆஸிலேட்டர் சுற்றுல போட்டா 9.545-ல ஆடும். அப்புறம் 8.5 டிபிதான் ஏறுதுன்னு இங்கே வந்து சண்டை போடுவீங்க.