லேடர் ஸ்டிட்ச்: தமிழில் என்ன போடலாம்? (வெள்ளிக்குள் வேண்டும்)

ஊசிநூல்:
வணக்கம். எங்கள் தெரு நூலகத்தில் ஞாயிறு அன்று ஒரு சின்ன வகுப்பு, ஒரு வயதுப் பிள்ளைக்குப் பரிசாகத் துணி யானை தைப்பது. செய்முறைத் தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். பழைய பருத்திப் புடவையில் யானை உருவம் இரண்டு வெட்டி, நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி சேர்த்து, ஓரத்திலிருந்து அரை சென்டிமீட்டர் தள்ளிக் கெட்டித் தையல் போட்டு, வயிற்றுப் பக்கம் இரண்டு மூன்று விரல் நுழைய இடம் விட்டு, அதன் வழியாகப் புரட்டிப் பஞ்சு அடைக்கணும். கண்ணுக்குப் பொத்தான் வேண்டாம், பிள்ளை பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும், கறுப்பு நூலாலேயே போட்டுவிடலாம். இதுவரை எழுதியாச்சு. திறப்பை மூடுகிற லேடர் ஸ்டிட்ச்சில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

பழஞ்சுவடி:
தையலுக்குத் துன்னம் என்று ஒரு பழஞ்சொல் இருப்பதை எல்லாரும் மறந்துவிட்டீர்களா? சிலப்பதிகாரத்தில் இந்திரவிழவூரெடுத்த காதையைப் பாருங்கள். ‘துன்ன காரரும் தோலின் துன்னரும்’ வருகிறார்கள், அடுத்த அடியே ‘கிழியினும் கிடையினும் தொழில்பல பெருக்கி’, அதாவது துணியிலும் நெட்டியிலும் கைவேலை செய்பவர்கள். உங்கள் யானை அந்த வழிவந்ததுதான். புறநானூறு 136இல் ‘இழைவலந்த பஃறுன்னத்து’, அதாவது நூலோடிய பல தையல். ஆகவே கரவுத்துன்னம், மறைந்திருக்கும் தையல்.

கத்தரிக்கோல்:
ஐயா, அந்த 136ஆம் பாட்டில் துன்னத்தின் இடுக்கில் குடியிருப்பது பேன். பொருநராற்றுப்படையிலும் துன்னற் சிதாருக்கு, அதாவது தைத்த கந்தலுக்கு, முன்னால் ஈரும் பேனும்தான். பச்சைப் பிள்ளை கையில் கொடுக்கிற பொம்மைக்கு வேண்டாமே. நான் ஈரோட்டில் பிளவுஸ் தைக்கிறவள், எங்கள் கடையில் ‘ஹெம்மிங் பண்ணி மூடு’ என்றால் எல்லாருக்கும் புரியும்.

ஊசிநூல்:
அக்கா, இது ஹெம்மிங் இல்லை. புடவைக்கு ஃபால்ஸ் வைக்கும்போது ஊசி சாய்வாகப் போகும், நூல் புள்ளி புள்ளியாக வெளியே தெரியும். இதில் இரண்டு ஓரத்தையும் உள்ளே மடித்துக்கொண்டு, ஒரு மடிப்புக்குள்ளேயே ஊசியை ஒரு நெல் நீளம் ஓட்டி வெளியே எடுத்து, நேர் எதிர் மடிப்பில் குத்தி அதற்குள்ளும் அவ்வளவே ஓட்டணும். குறுக்கே நிற்கும் நூல் படிப்படியாகத் தெரியும். நாலைந்து படி ஆனதும் நூலை இழுத்தால் படியெல்லாம் உள்ளே போய்விடும், மூடிய இடமே தெரியாது.

பனங்கிழங்கு (யாழ்ப்பாணம்):
அப்ப ஏணித் தையல் எண்டே போடலாமே. கரவு எண்டால் வஞ்சகமும்தானே ஐயா, பாவைப்பிள்ளைக்கு ஏன் அது?

பழஞ்சுவடி:
ஏணி என்பது ஆங்கிலேயன் கண்ட காட்சி. சொல்லைத் தமிழில் எழுதிவிட்டால் கலைச்சொல் ஆகிவிடுமா?

கத்தரிக்கோல்:
தைத்துப் பார்த்தால் யார் கண்ணுக்கும் ஏணிதான் தெரியும் ஐயா. அதற்கு ஆங்கிலேயன் எதற்கு?

ஒற்றுப்புள்ளி:
மறைதையல் என்று வைக்கலாம். ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை, ஆகவே ஒற்று மிகாது. தயவுசெய்து யாரும் ‘மறைத்தையல்’ என்று எழுதிவிடாதீர்கள், அது வேதத்துக்குத் தையல் போட்டதாக ஆகும். தையலுக்குப் பெண் என்றும் பொருள் உண்டு என்பதால் ‘ஒளிந்திருக்கும் பெண்’ என்று யாராவது படிக்கலாம், ஆனால் யானைக்குப் பக்கத்தில் அச்சாகும்போது அந்தக் குழப்பம் வராது. ‘தையல் சொல் கேளேல்’ என்று ஔவையே...

கத்தரிக்கோல்:
அந்த ஆத்திசூடிச் சண்டைக்குத் தனி இழை தொடங்குங்கள். தையல்காரி சொல்வதையும் கொஞ்சம் கேளுங்கள். பேன்ட் காலை மடித்து வெளியே தெரியாமல் அடிப்பதும் மறையும் தையல்தான். மறைவதெல்லாம் மறைதையல் என்றால், இந்தத் தாளைப் படிக்கிற பாட்டி எதைப் போடுவார்? கை என்ன செய்கிறது என்பதைச் சொல்லும் பெயர் ஏணித் தையல்தான். முடிந்த பிறகு எப்படி இருக்கும் என்பது வேறு விஷயம்.

ஒற்றுப்புள்ளி:
நியாயம்தான். ஆனால் ஏணித் தையல் என்றதும் ஏணியை வைத்து எதையோ தைப்பதாக என் மனைவி நினைத்தார்.

ஊசிநூல்:
அச்சகத்திலிருந்து இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள். மறைதையலுக்கு நாலு பேர், ஏணிக்கு இரண்டு பேர், துன்னத்துக்கு ஐயா ஒருவர். தாளில் மறைதையல் என்று போட்டு, கீழே ஏணிப்படியாக நூல் நிற்கும் படத்தை வரைந்துவிட்டேன். சரிதானே?

கத்தரிக்கோல்:
பெயர் போகட்டும். துதிக்கை வளைவில் தையலைத் தொடாமல் சின்னச் சின்ன வெட்டுக் கொடுக்கச் சொன்னீர்களா? அது இல்லாமல் புரட்டினால் துதிக்கை சுருங்கிப் பன்றி மூக்காகிவிடும். பஞ்சும் இலவம் பஞ்சு வேண்டாம், பிள்ளை எச்சில் பட்டுத் துவைக்கத் துவைக்கக் கட்டி தட்டும், பாலியஸ்டர் பஞ்சு என்று எழுதுங்கள்.

பழஞ்சுவடி:
நாலு பேர் கை தூக்கினால் சொல் ஆகிவிடாது. அகராதிப் பட்டியலில் என் மறுப்பையும் சேர்த்தே பதியுங்கள். துன்னம் என்ற சொல்லுக்கு ஒரு பேன் பாட்டைக் காட்டி விலக்கு வைப்பது எந்த ஊர் நியாயம்?