கிளைடருக்குக் கையடக்க வழிகாட்டி: வெயிலில் திரை தெரியவில்லை, எதை வாங்குவது?

கேட்டவர்

வணக்கம். கிளப்பின் எல்எஸ் 4 ஒற்றை இருக்கைக் கிளைடரில் (எஞ்சின் இல்லாத விமானம்) பறக்கிறேன். சில்வர் பேட்ஜ் (கிளைடர் பறப்பில் ஒரு தேர்ச்சிப் படி) முடிந்துவிட்டது. அடுத்த இலக்கு 300 கி.மீ. கருவிப் பலகையில் உயரமானி, வேகமானி, வேரியோ (ஏறும், இறங்கும் வேகம் காட்டுவது), ரேடியோ, ஃபிளார்ம் (மோதல் எச்சரிக்கைக் கருவி) எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. புதிதாகத் துளை போடக் கிளப் அனுமதிக்காது, ஆகவே கழற்றி எடுத்துப்போகக்கூடிய கருவிதான் வேண்டும்.

இப்போது ஆண்ட்ராய்டு கைபேசியில் எக்ஸ்சிசோர் என்ற வழிகாட்டிச் செயலியை ஓட்டுகிறேன். தெர்மலில் (மேலெழும் வெப்பக்காற்றில்) சுற்றும்போது சூரியன் திரைமேல் விழும் பக்கம் வந்தால் வரைபடம் வெளுத்துப்போகிறது. சிறிது நேரத்தில் கைபேசி சூடாகி, தானே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்கிறது; சார்ஜ் ஏறுவதும் நின்றுவிடுகிறது. இன்னொரு தொல்லை: தளத்துக்குத் திரும்பும் இறுதிச் சறுக்கலில் "200 மீட்டர் மிச்சத்தோடு வந்துசேர்வாய்" என்று அது சொல்கிறது, மனக்கணக்கோ அவ்வளவு தாராளமாக இல்லை.

ஔடி போன்ற, கிளைடருக்கென்றே செய்த தனிக் கருவி வாங்கலாமா, வெளிச்சம் கூடிய வேறு கைபேசியா, அல்லது மின்னூல் படிப்பானில் எக்ஸ்சிசோரைப் போட்டுப் பறக்கிறார்களே, அதுவா? மூன்றையும் பயன்படுத்தியவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

பயிற்றுநர்

பணத்தை எடுப்பதற்கு முன் இரண்டு தொல்லைகளையும் பிரித்துப் பாருங்கள். முதலாவது திரையும் சூடும். இரண்டாவது கணக்கு. கணக்கு தவறாக இருந்தால் எவ்வளவு விலையுள்ள கருவி வாங்கினாலும் அதே தவறு இன்னும் பளிச்சென்று தெரியும், அவ்வளவுதான்.

சூடு: ஐபோன், ஐபேடுகளுக்கு ஆப்பிள் சொல்லும் சூழல் வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி வரை. மற்றக் கைபேசிகளும் பெரும்பாலும் இதையொட்டித்தான். மூடிய கேனபிக்கு (காக்பிட்டின் ஒளிபுகும் மூடி) கீழே, நேர் வெயிலில், கறுப்பு உறை போட்ட கைபேசி அந்த எல்லையை எளிதில் தாண்டிவிடும். லித்தியம் மின்கலத்தைச் சூட்டில் சார்ஜ் செய்தால் கெட்டுவிடும் என்பதால் கைபேசியே அதை நிறுத்திக்கொள்கிறது, அது பழுதல்ல. உறையைக் கழற்றுங்கள். காற்றுத் துளையைக் கைபேசியின் முதுகுப் பக்கம் திருப்பிவிடுங்கள். தரையில் இழுவைக்காகக் காத்திருக்கும்போது அதை வெயிலில் விடாதீர்கள். பறக்கும் முன்பே பாதி சூடு அங்குதான் ஏறுகிறது.

வெளிச்சம்: சாதாரணக் கைபேசித் திரை 500 நிட் (திரை வெளிச்சத்தின் அலகு) அளவில் இருக்கும். வெயிலில் படிக்க 1000 நிட்டாவது வேண்டும். விளம்பரத்தில் போடும் பெரிய எண் பல நேரங்களில் சிறிது நேரத்துக்கு மட்டும் கிடைக்கும் உச்சம். சூடானதும் அது இறங்கிவிடும். போலரைஸ்டு குளிர்கண்ணாடி போட்டிருக்கிறீர்களா? அப்படியானால் கைபேசியை நெடுக்கிலிருந்து கிடைக்குத் திருப்பிப் பாருங்கள். சில திரைகள் ஒரு கோணத்தில் முழுக் கறுப்பாகத் தெரியும்.

இனி கணக்கு. எல்எஸ் 4 இன் சிறந்த சறுக்கு விகிதம் ஏறத்தாழ 40. அசையாத காற்றில் 20 கி.மீ. போக 500 மீட்டர் உயரம் செலவாகும். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போகும்போது 25 கி.மீ. எதிர்க்காற்று இருந்தால் தரையைப் பொறுத்த விகிதம் 30 ஆகிவிடும்; அதே 20 கி.மீ.க்கு 667 மீட்டர். வழியில் இறங்குகாற்று இருந்தால் அதற்கும் மேல். செயலியில் மூன்று இடங்களைப் பாருங்கள்: எந்தக் கிளைடரின் போலார் (எந்த வேகத்தில் எவ்வளவு இறங்கும் என்ற கணக்கு) தேர்வாகியிருக்கிறது, மெக்கிரெடி மதிப்பு (எந்த வேகத்தில் பறப்பது என்று தீர்மானிக்கும் எண்) 0 இல் கிடக்கிறதா, வந்துசேரும் பாதுகாப்பு உயரம் எவ்வளவு. மெக்கிரெடி 0 என்றால் வழியெல்லாம் காற்று உங்களுக்கு ஒத்துழைக்கும் என்று நம்பிப் போடும் கணக்கு. காற்று யாருக்கும் அப்படி வாக்குக் கொடுத்ததில்லை.

மின்னூல் படிப்பானில் பறப்பவர்

கோபோ படிப்பானுக்கு என் ஓட்டு. வெயில் ஏற ஏறத் திரை தெளிவாகும். மற்றவர்கள் கையால் மறைத்துக்கொண்டு திரையைப் பார்க்கும் அதே நேரத்தில் எனக்கு அச்சிட்ட தாள்போலத் தெரியும். போலரைஸ்டு கண்ணாடித் தொல்லை இல்லை. மின்சாரம் மிகக் குறைவாகத்தான் எடுக்கும், அதனால் சூடும் பெரிதாக இல்லை.

குறையையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே ஜிபிஎஸ் கிடையாது. ஃபிளார்மிலிருந்தோ வேறு கருவியிலிருந்தோ கொண்டுவர வேண்டும். வரைபடத்தை நகர்த்தினால் திரை ஒரு கணம் தயங்கிப் புதுப்பித்துக்கொள்ளும். நிறம் இல்லாததால் வான்வெளி எல்லைகளைக் கோடுகளின் தடிமனாலும் நிரப்பு வடிவத்தாலும்தான் பிரித்தறிய வேண்டும். ஒலிபெருக்கி இல்லை, எச்சரிக்கை எதுவும் காதில் விழாது. எல்லா மாதிரிகளிலும் எக்ஸ்சிசோர் ஓடாது. வாங்கும் முன் எந்த மாதிரி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்கு எண்களும் ஒரு வரைபடமும் போதும் என்பவருக்கு இதைவிட நல்ல கருவி இல்லை. விரலால் வரைபடத்தை ஓயாமல் பெரிதாக்கிச் சிறிதாக்கும் பழக்கம் இருந்தால் எரிச்சல்தான் வரும். (அந்தப் பழக்கம் காக்பிட்டில் இருக்கவே கூடாது என்பது தனிக் கதை.)

ஔடி வைத்திருப்பவர்

தனிக் கருவிக்காக ஒருவராவது பேச வேண்டும் அல்லவா? நேவிட்டரின் ஔடி வரிசை இந்த வேலைக்கென்றே செய்தது. வெயிலில் படிக்கும் திரை, எடுத்தவுடன் ஓடும் மென்பொருள், அழைப்பும் குறுஞ்செய்தியும் குறுக்கே வராத நிம்மதி. பழைய ஔடி 2 விண்டோஸ் சிஇ என்ற இயங்குதளத்தில் ஓடுவது; அதன் திரை அழுத்தத்தால் வேலை செய்யும் வகை என்பதால் கையுறையோடும் தொடலாம். ஔடி ஐஜிசி, ஔடி என் ஆகியவற்றில் அங்கீகாரம் பெற்ற பறப்புப் பதிவும் உள்ளேயே உண்டு. பேட்ஜுக்கும் போட்டிக்கும் வேறு பதிவுக் கருவி தேட வேண்டாம்.

பழையது வாங்கினால் மின்கலம் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று உங்கள் கண்முன் ஓட்டிப் பாருங்கள். சார்ஜ் துளை ஆடுகிறதா என்றும் கம்பியைச் செருகி மெல்ல அசைத்துப் பாருங்கள். காக்பிட்டில் வருடக்கணக்காக இழுபட்ட துளைகள் அவை.

கேட்டவர்

நன்றி. போலாரைப் பார்த்தேன். கிளப்பில் எல்லாருக்கும் பொதுவாகக் கொடுக்கும் அமைப்புக் கோப்பில் வேறொரு கிளைடரின் போலார் இருந்தது, மெக்கிரெடியும் 0. இரண்டையும் மாற்றியதும் அந்த 200 மீட்டர் மிச்சம் பெரும்பகுதி கரைந்துவிட்டது. போலரைஸ்டு கண்ணாடியும் உண்மைதான், கிடைவாக்கில் பிடித்தால் படிக்க முடிகிறது.

300 கி.மீ.க்கு அங்கீகாரம் பெற்ற பதிவு வேண்டும் என்பதால் மனம் ஔடி பக்கம் சாய்கிறது. சரிதானே?

அதிகாரப்பூர்வ பார்வையாளர் (பேட்ஜ் பறப்புகளுக்குச் சான்றளிப்பவர்)

அவசரப்படாதீர்கள் தம்பி. உங்கள் ஃபிளார்ம் எந்த மாதிரி? சில மாதிரிகளில் ஐஜிசி (பன்னாட்டுக் கிளைடர் பறப்பு ஆணையம்) அங்கீகாரம் பெற்ற பதிவு வசதி ஏற்கெனவே இருக்கிறது. கருவியின் பெயரையும் மாதிரியையும் ஐஜிசி வெளியிடும் அங்கீகாரப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். இருந்தால் ஒரே வேலைக்கு இரண்டு முறை பணம் கொடுக்க வேண்டியதில்லை.

கைபேசியும் .ஐஜிசி என்று முடியும் கோப்பைத்தான் எழுதுகிறது. அதைப் பார்த்துப் பலர் அதுவே போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். கோப்பின் வடிவம் ஒன்று, அங்கீகாரம் வேறு. அங்கீகாரம் பெற்ற கருவியில் பதிவைத் திருத்த முடியாதபடி முத்திரைக் குறியீடு இருக்கும். ஜிபிஎஸ் உயரத்தோடு காற்றழுத்த உயரமும் தனியே பதிவாகும். வான்வெளி எல்லையை ஒட்டிப் பறக்கும்போதும் இந்த வேறுபாடு உதைக்கும்: அந்த எல்லைகள் காற்றழுத்த உயரத்தில் வரையறுத்தவை, கைபேசி காட்டுவதோ பெரும்பாலும் ஜிபிஎஸ் உயரம். சூடான நாளில் இரண்டும் கணிசமாக விலகி நிற்கும்.

கேட்டவர்

பட்டியலில் பார்த்தேன், எங்கள் ஃபிளார்ம் இருக்கிறது! அப்படியென்றால் படிப்பான்தான். கிளப்பில் ஒருவர் பயன்படுத்தாமல் வைத்திருந்த கோபோவை வாங்கிக்கொண்டேன். ஃபிளார்மின் தகவல் வெளியீட்டைப் படிப்பானின் உள்ளே இருக்கும் சீரியல் முனைகளில் நேராகப் பற்றவைத்தால் போதுமா?

மின்னணு வேலை செய்பவர்

போதாது, கையை எடுங்கள்! ஃபிளார்ம் வெளியிடுவது ஆர்எஸ் 232 மின்னழுத்தம். நேர், எதிர் இரு பக்கமும் பல வோல்ட் ஆடும். படிப்பானின் உள்முனைகள் 3.3 வோல்ட்டுக்கானவை. நேராக இணைத்தால் படிப்பான் போய்விடும். இடையில் மேக்ஸ் 3232 போன்ற மட்ட மாற்றிச் சில்லு கட்டாயம்.

இணைத்தபின் எக்ஸ்சிசோரில் கருவிகள் பட்டியலுக்குப் போய், ஃபிளார்ம் இயக்கியைத் தேர்ந்து, தகவல் போகும் வேகத்தை அமையுங்கள். 19200 இலிருந்து தொடங்குங்கள். உங்கள் ஃபிளார்மின் அமைப்புக் கோப்பில் வேறு எண் இருந்தால் அதுவே சரி. பிறகு கண்காணிப்புத் திரையைத் திறந்து வரும் வரிகளைப் பாருங்கள். டாலர் குறியில் தொடங்கி ஜிபிஆர்எம்சி, பிஎஃப்எல்ஏயு என்று படிக்கக்கூடிய வரிகள் ஓடினால் எல்லாம் சரி. கன்னாபின்னாவென்று குறிகள் வந்தால் வேகம் பொருந்தவில்லை. எதுவுமே வரவில்லையென்றால் அனுப்பும் கம்பியும் வாங்கும் கம்பியும் இடம் மாறியிருக்கும், அல்லது தரைக்கம்பி இல்லை.

மின்சாரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. கைபேசியை 5 வோல்ட், 2 ஆம்பியரில் ஏற்றினால் 10 வாட். மாற்றியின் இழப்பையும் சேர்த்தால் 12 வோல்ட் மின்கலத்திலிருந்து ஏறத்தாழ 1 ஆம்பியர் போகும். 7 ஆம்பியர்-மணி ஈய அமில மின்கலம், அதுவும் பழையது, ரேடியோவையும் ஃபிளார்மையும் சேர்த்து நீண்ட பறப்பு முழுவதும் தாங்காது. முதலில் நிற்பது ரேடியோவாக இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். படிப்பானுக்கு இந்தக் கவலை பெரிதாக இல்லை. எதை இணைத்தாலும் மின்கலத்தின் அருகிலேயே ஃபியூஸ் இருக்கட்டும்.

பயிற்றுநர்

தாங்கியைப் பற்றி ஒரு சொல். கேனபியில் உறிஞ்சு கிண்ணத் தாங்கியை ஒட்டாதீர்கள்: சூட்டில் கழன்று மடியில் விழும், பெர்ஸ்பெக்ஸிலும் நுண்ணிய வெடிப்பு விடலாம். பலகையின் ஓரத்தில் பிடிக்கும் தாங்கி நல்லது. பொருத்தியபின் வார்களைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, ஸ்டிக்கை நான்கு மூலைக்கும் கொண்டுபோங்கள்; முழங்காலும் கையும் எங்கும் இடிக்கக்கூடாது. கேனபியைக் கழற்றிவிடும் கைப்பிடிக்குக் குறுக்கே எந்தக் கம்பியும் வரக்கூடாது. பாராசூட்டோடு குதிக்க வேண்டி வந்தால் கம்பி இழுத்தவுடன் கழன்றுவர வேண்டும். காந்தத் தாங்கி வேண்டாம், திசைகாட்டி கெட்டுப்போகும்.

பொத்தான்களைத் தரையிலேயே பழகிக்கொள்ளுங்கள். எக்ஸ்சிசோர் தொடங்கும்போது பறப்பா, ஒத்திகையா என்று கேட்கும்; ஒத்திகையைத் தேர்ந்து வீட்டில் ஓட்டலாம். காண்டர் என்ற கணினிக் கிளைடர் சிமுலேட்டர் வைத்திருந்தால் அதன் தகவலையே எக்ஸ்சிசோருக்குக் கொடுத்துப் பழகலாம்.

கேட்டவர்

மட்ட மாற்றி போட்டாயிற்று. முதலில் கன்னாபின்னாவென்றுதான் வந்தது. எங்கள் ஃபிளார்மில் வேகம் 38400 என்று அமைத்திருந்தார்கள், அதற்கு மாற்றியதும் வரிகள் ஒழுங்காக ஓடின. ஆனால் படிப்பானுக்காக வைத்த 12 இலிருந்து 5 வோல்ட் மாற்றியை இயக்கினால் ரேடியோவில் ஓயாத இரைச்சல். இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச்சே திறந்துகொள்கிறது.

மின்னணு வேலை செய்பவர்

மலிவான மாற்றிகளின் பிறவிக் குணம். அவற்றின் ஸ்விட்சிங் இரைச்சல் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள வான்வழி அலைவரிசையில் போய் விழுகிறது. ஆன்டெனா கம்பியிலிருந்து மாற்றியைத் தள்ளி வையுங்கள், உள்ளேயும் வெளியேயும் வரும் இரு கம்பிகளையும் ஃபெரைட் வளையத்தில் சில சுற்றுச் சுற்றுங்கள். அப்படியும் போகவில்லையென்றால் அந்த மாற்றியைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சிறிய பவர் பேங்க் வையுங்கள். படிப்பானுக்கு அது தாராளமாகப் போதும். ஆனால் வெயில் படாத இடத்தில்.

கேட்டவர்

ஃபெரைட் போட்டதும் குறைந்தது, முழுதாகப் போகவில்லை. மாற்றியை எடுத்துவிட்டு இருக்கைக்குப் பின்னால் நிழலில் பவர் பேங்க் வைத்தேன். ரேடியோ சுத்தமாக இருக்கிறது. கைபேசியைத் திரை அணைத்துப் பக்கப் பையில் மாற்று ஏற்பாடாக வைத்துக்கொள்கிறேன். கேள்வி தீர்ந்தது, இழையை மூடிவிடலாம்.